சின்ன ரீஃப் தொட்டியில் பாசி: அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

"அண்ணே, தொட்டி முழுக்கப் பாசி. என்ன மருந்து ஊத்தணும்?"

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வீடுகளிலும் கிளினிக்குகளிலும் இருக்கும் 60 முதல் 150 லிட்டர் வரையிலான ரீஃப் தொட்டிகளை, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரித்துக் கொடுக்கிறேன். இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: "கை வச்சா அது எப்படி வருது?" பொடியாகப் பறக்கிறதா, தோலாக உரிகிறதா, நூலாக இழுபடுகிறதா, சளி போல வழுக்குகிறதா? தண்ணீர் மாற்றினால் முடிப்பாசி தளரும். அதே தண்ணீர் மாற்றம் டைனோ என்ற பழுப்புச் சளிக்குத் தீனி. மூன்று நாள் விளக்கை அணைத்தால் சிவப்புப் படலம் போய்விடும். பிரையாப்சிஸ் என்ற இறகுப் பாசிக்கு அது உறைக்கவே உறைக்காது. நான் பார்த்தவரை, பாசியால் செத்த பவளங்களைவிட, என்ன பாசி என்று தெரியாமல் ஊற்றிய மருந்தால் செத்தவைதான் அதிகம்.

பாறையிலும் கண்ணாடியிலும் ஊதா அல்லது ரோஜா நிறத்தில் கல்போல ஒட்டியிருப்பது கோரலைன் என்ற சுண்ணாம்புப் பாசி. அது தொல்லை இல்லை, தொட்டி நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். அதைச் சுரண்டிவிட்டு என்னை அழைத்தவர்கள் உண்டு. விட்டுவிடுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்

கையுறை போடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். பாறையில் பொத்தான் போல ஒட்டி வளரும் சோவாந்திட், பாலித்தோவா வகை உயிர்களில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கலாம். பாசி பிடித்த பாறையை அடுப்பில் வைத்துக் கொதிக்க வைக்கவே கூடாது. அந்த ஆவியை மூச்சில் இழுத்து, குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் உலகில் பல இடங்களில் இருக்கிறார்கள். வெந்நீர் ஊற்றித் தேய்ப்பதும் வேண்டாம். தொட்டியில் கைவிடும் முன் ஹீட்டர், மோட்டார் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

பிறகு ஐந்து எண்களை எடுத்து ஒரு தாளில் எழுதித் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள்: உப்படர்த்தி (1.025), வெப்பம் (25 முதல் 27 டிகிரி), நைட்ரேட் (2 முதல் 10 பிபிஎம்), பாஸ்பேட் (0.03 முதல் 0.10 பிபிஎம்), ஆவியாவதற்கு ஈடாக ஊற்றும் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு (0). அடைப்புக்குள் இருப்பது வர வேண்டிய அளவு. கடைசி எண்ணைத்தான் யாரும் பார்ப்பதில்லை. நம் மாவட்டத்தில் பாதிப் பிழை அங்கேதான் இருக்கிறது.

## பழுப்புப் பொடி: ஊதினால் பறக்கிறது, விரலில் மாவாக ஒட்டுகிறது

இது டயாட்டம். சிலிகேட்டைத் தின்று வளரும்.

தொட்டி போட்டு இரண்டு மாதம் ஆகவில்லையா? ஒன்றும் செய்யாதீர்கள். புதுத் தொட்டி எல்லாவற்றிலும் வரும், தானே போகும். நாலைந்து நத்தை விட்டால் வேகமாகப் போகும்.

பழைய தொட்டியில் திடீரென்று வந்ததா? டிடிஎஸ் மீட்டரை எடுங்கள். முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். நீங்கள் ஊற்றும் தண்ணீரில் வையுங்கள்.

பார்வதிபுரத்தில் ஒரு வீட்டில் ஒரு வருடம் பளிங்கு போல இருந்த தொட்டி, பதினைந்து நாளில் மணல் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. "தண்ணி அதே ஆர்ஓதான்" என்று அந்த வீட்டு அக்கா உறுதியாகச் சொன்னார்கள். மீட்டரை வைத்தால் 85. பழைய பியூரிஃபையர் பழுதாகி, மினரல் சேர்க்கும் புது மாடல் வாங்கியிருக்கிறார்கள். குடிக்க ருசியாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்த மாடல்கள் வடிகட்டிய தண்ணீரில் வடிகட்டாததைக் கொஞ்சம் கலந்தோ, மினரல் கட்டியைக் கரைத்தோ தரும். மனிதருக்கு நல்லது, தொட்டிக்கு ஆகாது. யூவி, யூஎஃப் மட்டும் உள்ள பியூரிஃபையர் கிருமியைத் தடுக்கும், டிடிஎஸ்ஸைத் தொடவே தொடாது.

இதன் கணக்கைப் பாருங்கள். மேலே ஃபேன் ஓடும் 100 லிட்டர் தொட்டியில் நாளுக்கு ஒன்றரை லிட்டர் ஆவியானால் மாதத்துக்கு 45 லிட்டர். போவது வெறும் தண்ணீர். அதில் கரைந்திருந்தது முழுவதும் தொட்டியிலேயே தங்கிவிடும். காற்றடிக்கும் மாதங்களில் ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கத்து வீடுகளில் இது இன்னும் கூடுதல்.

செலவு குறைந்ததிலிருந்து வருகிறேன். டிடிஎஸ் கண்ட்ரோலர் திருகு இருந்தால் முழுதாக மூடச் சொல்லுங்கள், அல்லது மெம்பிரேனுக்கு அடுத்து, மினரல் கட்டிக்கு முன்னால் ஒரு டீ ஜாயிண்ட் போட்டுத் தனிக் குழாய் எடுங்கள். அதற்கு அடுத்த படி, அந்தக் குழாயின் முடிவில், மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் நிரப்பிய ஒரு கேனிஸ்டர். ரெசின் தீரும்போது முதலில் கசிவது சிலிகேட்தான். மீட்டர் 0 காட்டிக்கொண்டே இருக்கும், தொட்டியில் பழுப்பு வந்துவிடும். அதனால் மீட்டரை மட்டும் நம்பாமல் ரெசினின் நிறமாற்றத்தையும் பாருங்கள். அதற்கும் மேல் என்றால் மெம்பிரேன் மாற்றுவது.

இதெல்லாம் சரியாக இருந்தும் பழுப்பு நிற்கவில்லை என்றால் மணலைச் சந்தேகப்படுங்கள். தொட்டிக்கு வேண்டியது சுண்ணாம்பு வகை அரகோனைட் மணல். நம் கடற்கரை மணல் அது இல்லை. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் இல்மனைட், கார்னெட், மோனசைட் எல்லாம் இருக்கிறது. மோனசைட்டில் தோரியம் உண்டு. பார்க்க அழகாக இருக்கிறது என்று அள்ளிவந்து தொட்டியில் போட வேண்டாம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: புது மெம்பிரேன், புது ரெசின் போட்ட பிறகும் டிடிஎஸ் 5-க்குக் கீழே வரவில்லை என்றால் அது பியூரிஃபையர் மெக்கானிக் வேலை. குழாய் இணைப்பு மாறியிருக்கும், அல்லது பம்பில் அழுத்தம் போதாமல் இருக்கும்.

## கண்ணாடியில் மெல்லிய பச்சைப் பூச்சு

இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை துடைத்தால் போகிறதா? பிழை இல்லை, துடையுங்கள். காலையில் துடைத்தது சாயந்திரமே மூடுகிறது என்றால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

## பச்சை முடி: இழுத்தால் நூலாக வருகிறது, பாறையில் வேர்போல நிற்கிறது

அழைப்புகளில் பெரும்பாலானது இதுதான். டெஸ்ட் கிட்டில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியம் காட்டலாம், அதில் ஏமாறாதீர்கள். தண்ணீரில் வருவதை வந்த வேகத்தில் பாசி தின்றுவிடுவதால் அளக்க மிச்சம் இருக்காது. ஆகவே எவ்வளவு இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

தீனியா? ஐஸ் கட்டியாக வரும் இறால், மைசிஸ் எதுவானாலும் ஒரு டம்ளரில் உருகவிட்டு, வலையில் கொட்டி, அந்தத் தண்ணீரைச் சிங்க்கில் விடுங்கள். நெத்தோலி, சாளை அரைத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். புது மீன் நம் ஊரில் மலிவு, கெட்டுப்போகாதது, மீனும் ஆவலாகத் தின்னும். ஆனால் சாளையில் இருக்கும் எண்ணெய் மேலே படலமாக நின்று தொட்டியையே அழுக்காக்கிவிடும். இரண்டு க்ளௌன் மீனுக்கு ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை போதும். இரண்டு நிமிடத்தில் தின்று தீராதது எல்லாம் பாசிக்குத்தான்.

வெளிச்சமா? எல்இடி 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வெள்ளை, சிவப்பு வண்ணங்களைக் குறைத்து நீலத்தைக் கூட்டுங்கள். சாயந்திர வெயில் மேற்கு ஜன்னல் வழியாகத் தொட்டியில் விழுகிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து, மற்ற நாளில் வெயில் படாத தெற்குச் சுவர்த் தொட்டியிலும் படும்.

கடலில் எடுத்த தண்ணீரா? இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். கடல் பக்கத்தில் இருப்பதால் உப்பு வாங்கும் செலவை மிச்சம் பிடிக்கிறோம். அதில் தவறில்லை, நானும் எடுக்கிறேன். ஆனால் எந்த மாதம், எந்த இடம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆனி, ஆடியில் கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும்போது, ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குக் கரையோரம் அடிக்கடல் நீர் மேலே எழும்பி வரும். குளிர்ச்சியான, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்த நீர் அது. மீன்பாடு நன்றாக இருப்பதற்கு அதுதான் காரணம். கடலில் மீனை வளர்க்கும் அதே சத்து உங்கள் நாலடித் தொட்டியில் முடிப்பாசியைத்தான் வளர்க்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழையில் பழையாறு மணக்குடி வழியாகவும், வள்ளியாறு கடியபட்டணம் பக்கமும், குழித்துறைத் தாமிரபரணி தேங்காப்பட்டணத்திலும் வயல் தண்ணீரோடு கடலில் இறங்கும். பொழி, அதாவது ஆற்று வாயை அடைத்திருக்கும் மணல் திட்டு, உடைந்த சமயத்தில் அந்தக் கரையில் எடுத்தால் உப்பும் இருக்காது, உரம் மட்டும் இருக்கும்.

ஒரு வருடம் ஆடி மாதம் உப்பு வாளி தீர்ந்துபோய், மணக்குடிக்குப் பக்கத்தில் 40 லிட்டர் எடுத்து ஒரு கிளினிக் தொட்டியில் மாற்றினேன். பத்தாம் நாள் பின்பக்கப் பாறை முழுக்கப் பச்சை. அதைச் சரிசெய்ய மூன்று மாதம் ஆனது. அதற்குப் பிறகு ஜனவரி முதல் ஏப்ரல் வரை மட்டும், கடல் அடங்கிய காலை நேரத்தில், துறைமுகத்துக்கும் பொழிக்கும் தொலைவான பாறைக் கரையில் எடுக்கிறேன். வீட்டில் மூடிய டிரம்மில் வெளிச்சம் படாமல் காற்றுக்கல் போட்டு இரண்டு வாரம் வைத்து, தெளிந்த பிறகு துணியில் வடித்து, அளந்து பார்த்து, பாஸ்பேட் 0.05-க்கு மேல் இருந்தால் கொட்டிவிடுகிறேன். மற்ற மாதங்களில் ரீஃப் உப்புதான். புத்தளம், சாமிதோப்பு உப்பளத்து உப்பைக் கரைக்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. அது சோடியம் குளோரைடு. பவளத்துக்கு வேண்டிய கால்சியம் பெரும்பாலும் உப்பு விளையும் முன்பே ஜிப்சமாகப் படிந்துவிட்டது, மக்னீசியம் உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் காடியில் போய்விட்டது.

பாறையா? மேலே சொன்ன மூன்றும் சரி, ஆனாலும் வளர்கிறது என்றால் ஒரு பாறையை எடுத்துத் தேய்த்து, புதிதாகக் கரைத்த உப்புத் தண்ணீர் வாளியில், சின்ன மோட்டாரோடு, இருட்டில் நாலு நாள் வையுங்கள். முதல் நாளும் கடைசி நாளும் பாஸ்பேட் அளக்கவும். ஏறியிருந்தால் பாறையே கசிகிறது. மின்சாரம் நாள்கணக்கில் இல்லாமல் பாறைக்குள் இருந்த உயிர்கள் செத்த தொட்டிகளில் இது சகஜம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி அடித்துவிட்டுப் போன பிறகு, பேட்டரி ஏர் பம்பில் மீனை மட்டும் காப்பாற்றிய தொட்டிகள், கிறிஸ்மஸுக்கு மேல் ஒவ்வொன்றாகப் பச்சையாகின.

செய்ய வேண்டியது. காரணத்தை நிறுத்திய பிறகு கையால் பிடுங்குங்கள். முதலில் பிடுங்கி என்ன பயன் என்று தோன்றும். ஆனால் கையில் வரும் ஒவ்வொரு பிடியும் தொட்டியை விட்டு வெளியேறும் பாஸ்பேட். ஒரு கையில் பல் துலக்கும் பிரஷ், மறு கையில் ஏர் குழாய் சைஃபன். தேய்க்கத் தேய்க்க உறிஞ்ச வேண்டும், இல்லையென்றால் துணுக்குகள் பறந்து மற்ற இடத்தில் வேர்விடும். வாரம் 15 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். முடி ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே வந்த பிறகு நத்தை விடுங்கள். ட்ரோக்கஸ் அல்லது டர்போ, 100 லிட்டருக்கு ஐந்தாறு போதும். நீண்ட முடியை நத்தை தின்னாது. கரைப்பாறையில் கிடைக்கும் குட்டி நெரைட் நத்தை அலை ஏறி இறங்கும் இடத்தில் வாழ்வது. ராத்திரி தொட்டியை விட்டு ஏறி வெளியே போய்ச் சாகும்.

வெளியே எடுக்கக்கூடிய சின்னப் பாறை என்றால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை பிரஷ்ஷில் தொட்டுப் பாசி மேல் மட்டும் பூசி, மூன்று நிமிடம் விட்டு, தனி வாளியில் எடுத்த தொட்டித் தண்ணீரில் அலசித் திருப்பி வையுங்கள். மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம், சம அளவு ஆர்ஓ தண்ணீர் சேர்க்க வேண்டும். க்ளீனர் இறால் இருந்தால் பெராக்சைடு ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகாதபடி பாருங்கள், அதற்கு ஆகாது.

பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புத் துகள் கடைசியில்தான். பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்கில் தொடங்குங்கள். ஏன் என்பது இந்தக் கட்டுரையின் கடைசி அறிகுறியில் இருக்கிறது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: இரண்டு மாதம் விடாமல் செய்தும் பாறை பாஸ்பேட் கசிந்துகொண்டே இருந்தால் பாறையை மாற்ற வேண்டிவரும். தொட்டியின் உயிரே பாறையில்தான் இருப்பதால் அதைப் பாதி பாதியாக, அனுபவப்பட்டவர் கையால் மாற்ற வேண்டும். அதற்காகக் கடல் பாறையை எடுத்து வராதீர்கள். நம் கடலில் இருந்து பவளமும் பவளப்பாறையும் எடுப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கரைப் பாறையோடு கவுலேர்ப்பா போன்ற பாசிகளும் கூடவே வரும். அது ஒரு முறை வேர்விட்டால் பாறையைத் தூக்கி எறிவதுதான் வழி.

## பச்சைதான், ஆனால் முடி இல்லை: கிளை கிளையாக, இறகு போல

ஒரு கிளையைப் பிடுங்கி வெள்ளைத் தட்டில் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் சீப்புப் பல் போலக் கிளை என்றால் அது பிரையாப்சிஸ். தீனி குறைத்தாலும், பாஸ்பேட் இறங்கினாலும், இருட்டடித்தாலும் அசையாது. பெரும்பாலான நத்தைகள் அதைத் தொடாது.

ஒரே பாறையில் இருந்தால் அந்தப் பாறையை எடுத்துவிடுங்கள். எவ்வளவு அழகான பவளம் அதில் இருந்தாலும், பவளத்தை வெட்டி வேறு கல்லில் ஒட்டிவிட்டுப் பாறையை வெயிலில் காயவையுங்கள். பரவிவிட்டதென்றால் ஃப்ளூகோனசோல். மனிதருக்குக் கொடுக்கும் பூஞ்சை மருந்துதான். லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்ற அளவில் ஒரே தடவை, ஃபில்டரில் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பனை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம். தொட்டியின் அளவை மட்டும் கணக்கிடாமல் பாறையும் மணலும் அடைக்கும் இடத்தைக் கழியுங்கள். 100 லிட்டர் தொட்டியில் தண்ணீர் 75 லிட்டர்தான் இருக்கும். ரெஃப்யூஜியம் என்ற தனி அறையில் நல்ல பாசி வளர்த்தால் அதுவும் சேர்ந்து வாடலாம், முன்பே வேறு வாளிக்கு மாற்றுங்கள். செத்த பாசி அழுகும்போது நைட்ரேட் ஏறும், அந்த நாட்களில் அழுகலைத் தினமும் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: மருந்து போடும் முன்பே. இதில் மட்டும் நான் பிடிவாதமாகச் சொல்வேன். பிரையாப்சிஸ்தானா என்று தெரிந்தவர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லாமல் மாத்திரையைப் பொடிக்காதீர்கள்.

## சிவப்பு, கருஞ்சிவப்புத் தோல்: உரித்தால் தாள் தாளாக வருகிறது, மோந்தால் வீச்சம்

இது பாசியே இல்லை, சயனோ என்ற பாக்டீரியா. மணல் மேல் போர்வை போலக் கிடக்கும், மத்தியானத்துக்கு மேல் அதற்குள் காற்றுக் குமிழ் நிற்கும்.

முதல் சோதனை: எந்த இடத்தில் இருக்கிறது? ஒரு மூலையில் மட்டும், பாறைக்குப் பின்னால் மட்டும் என்றால் அங்கே நீரோட்டம் போகவில்லை. வேவ்மேக்கரைத் திருப்புங்கள். அதற்கு முன் அதைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சுண்ணாம்பு படிந்து பாதி வேகத்தில் சுற்றும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் புதிது போலச் சுற்றும். காசில்லாத இந்த வேலை பாதித் தொட்டிகளுக்குப் போதும்.

தொட்டி முழுக்க இருக்கிறதென்றால் அழுக்கு. அழுக்கைப் பிடிக்கும் துணிப்பையான ஃபில்டர் சாக்ஸை மூன்று நாளைக்கு ஒரு தடவை மாற்றுகிறீர்களா? மணலுக்குள் பெரிய சிரிஞ்சால் ஊதிப் பாருங்கள். பழுப்பு மேகம் எழும்பினால், தண்ணீர் மாற்றும்போதெல்லாம் மணலில் கால்பங்கு கால்பங்காகச் சைஃபன் போடுங்கள். முழு மணலையும் ஒரே நாளில் கிளறினால் அழுகல் வாயு வெளியேறி மீன் சாகும்.

நைட்ரேட் பூஜ்ஜியம், பாஸ்பேட் மட்டும் 0.1-க்கு மேல் என்றால் சயனோவுக்குக் கொண்டாட்டம். அது காற்றிலுள்ள நைட்ரஜனையே உணவாக்கிக்கொள்ளக் கூடியது, மற்றவை பட்டினி கிடக்கும்போது அது மட்டும் வளரும். பாக்டீரியாவுக்குத் தீனியாக வோட்கா, சர்க்கரை ஊற்றும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு இருட்டடியுங்கள். கையில் வரும் தோலையெல்லாம் உறிஞ்சி எடுத்து, விளக்கை அணைத்து, தொட்டியைப் போர்வையால் சுற்றி, 72 மணி நேரம். ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நாலாம் நாள் திறந்ததும் 20 சதவீதம் தண்ணீர் மாற்றம். பவளம் மூன்று நாள் இருட்டைத் தாங்கும். காரணத்தைச் சரிசெய்யாமல் இருட்டு மட்டும் அடித்தால் இரண்டு வாரத்தில் திரும்பி வரும்.

எரித்ரோமைசின் கலந்தால் இரண்டு நாளில் போகிறது என்பார்கள். போகும். கூடவே பாறையில் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாவும் அடிவாங்கலாம், செத்த சயனோ அழுகி ஆக்சிஜனை இழுக்கும். மனிதருக்கான ஆன்டிபயாடிக்கைத் தொட்டியில் கலந்து ஓடையில் கொட்டுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. நான் பராமரிக்கும் தொட்டி எதிலும் போடுவதில்லை.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திறந்து மூடினால் காத்திருக்காதீர்கள். ஏர் பம்ப் இரண்டு போட்டுவிட்டு உடனே அழையுங்கள்.

## பழுப்புச் சளி: நூல் தொங்கி, நுனியில் குமிழ், ராத்திரி காணோம், மத்தியானம் நிறைய

இதைத்தான் டைனோ என்கிறோம், டைனோஃப்ளஜெல்லேட். சயனோ என்று நினைத்துத் தண்ணீர் மாற்றி மாற்றித் தொட்டியை இழந்தவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நத்தைகள் புரண்டு கிடந்து சாகின்றனவா? விளக்கு அணைந்து இரண்டு மணி நேரத்தில் பாறை சுத்தமாகத் தெரிகிறதா? நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்ஜியமா? மூன்றுக்கும் ஆம் என்றால் ஏறக்குறைய உறுதி. மேலும் உறுதிசெய்ய: சளியைக் கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு பாட்டிலில் எடுத்து நன்றாகக் குலுக்குங்கள். காபி வடிகட்டும் தாளில் வடித்து, வடிந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் விளக்கின் கீழ் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் அந்தத் தெளிந்த தண்ணீரில் மறுபடி நூல் திரண்டால் டைனோதான்.

இங்கே எல்லாமே தலைகீழ். தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள். பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்துவிடுங்கள். தீனியைக் கூட்டுங்கள். நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 என்று அளவு தெரியும் வரை கூட்டுங்கள். சுத்தமாக இருக்க வேண்டும் என்று பட்டினி போட்டதால் மற்றப் பாசிகளும் பாக்டீரியாக்களும் அழிந்து, அந்தக் காலி இடத்தில்தான் இது குடியேறியது. கொஞ்சம் பச்சைப் பாசி திரும்பி வந்தால் சந்தோஷப்படுங்கள், இடம் பிடிக்கும் சண்டையில் அது நம் பக்கம். நஞ்சை இழுக்கக் கார்பனை மட்டும் வாராவாரம் புதிதாகப் போடுங்கள்.

பிறகு எந்த வகை என்று பார்க்க வேண்டும், அதில்தான் செலவு பிரிகிறது. பாறை, பவளத்தின் நுனியெல்லாம் நூல் விட்டு, ராத்திரி காணாமல் போகும் வகை தண்ணீரில் மிதக்கும். அதற்கு யூவி கிளாரிஃபையர் வேலை செய்யும். 100 லிட்டருக்கு 9 முதல் 11 வாட், சம்ப் என்ற கீழ் ஃபில்டர் தொட்டியில் இல்லாமல் மீன் இருக்கும் தொட்டியிலிருந்தே நேரடியாகத் தண்ணீர் இழுக்கும்படி, இரவு முழுவதும் ஓடவேண்டும். மூன்று நாள் இருட்டும் சேர்த்தால் பலன் கூடும். மணலில் மட்டும் பழுப்புப் பூச்சாக, நூல் இல்லாமல் இருக்கும் வகை மணலுக்குள் ஒளிந்துகொள்ளும். அதற்கு யூவி வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

வகை தெரிய 400 மடங்கு பெரிதாக்கும் மைக்ராஸ்கோப் வேண்டும். விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது தெரிந்தவர்களாக இருந்தால் ஒரு துளியைக் காட்டுங்கள். ஒரு முனை கூர்ந்து, ஒரே இடத்தில் கட்டிவைத்த கன்று போலச் சுற்றினால் ஆஸ்ட்ரியாப்சிஸ், யூவிக்கு அடங்கும். தட்டையாக, வழுக்கிக்கொண்டு ஊர்ந்தால் ஆம்ஃபிடினியம், மணல் வகை.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: மணல் வகை என்று தெரிந்ததும். அதற்குச் சிலிகேட் ஊற்றி டயாட்டத்தை வளர்த்துப் போட்டிக்கு விடும் முறை இருக்கிறது. அளந்து செய்யத் தெரிந்தவர் வேண்டும். மேலும், தொட்டியைச் சுத்தம் செய்த பிறகு உங்களுக்கே மூக்கொழுகல், தொண்டை எரிச்சல், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போய்த் தொட்டியைப் பற்றிச் சொல்லுங்கள்.

## பச்சை முத்துகள், பளபளப்பாக

குமிழ்ப் பாசி, வலோனியா. தொட்டிக்குள் உடைக்காதீர்கள். பாறையை வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீர் உள்ள வாளியில் வைத்து, சின்ன ஸ்க்ரூடிரைவரால் அடியிலிருந்து நெம்புங்கள். எடுக்க முடியாத பாறை என்றால் சைஃபன் குழாயின் வாயை முத்தின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு நெம்ப வேண்டும். மரகத நண்டு இதைத் தின்னும், கடைகளில் எப்போதாவது வரும். பெரிதானால் பவளத்தையும் கிள்ளும். பத்து முத்துக்குள் இருந்தால் நண்டு தேவையில்லை, வாராவாரம் கை போதும்.

## தண்ணீரே பச்சை

மிதக்கும் பாசி. தண்ணீர் மாற்றி ஓயாது. மேலே சொன்ன யூவியை நாலைந்து நாள் ஓட்டினால் தெளியும். அது வரை ஏர் பம்ப் ஓடட்டும், செத்த மீன் ஏதாவது பாறைக்குப் பின்னால் கிடக்கிறதா என்று தேடுங்கள்.

## பாசி போய்விட்டது, ஆனால் பவளம் வெளுக்கிறது

பாசியை ஜெயித்த சந்தோஷத்தில் இருக்கும்போது வரும் அழைப்பு இது. பாஸ்பேட் உறிஞ்சியைப் பாக்கெட் அளவுக்கே போட்டு, நாலு நாளில் 0.2-லிருந்து பூஜ்ஜியத்துக்கு இறக்கியிருப்பார்கள். பவளத்துக்குள் இருக்கும் பாசிக்கும் பாஸ்பேட் வேண்டும், அது பட்டினியில் வெளியேறுகிறது. தண்ணீர் தெளிந்ததால் வெளிச்சமும் முன்பைவிட உள்ளே பாய்ந்து சுடுகிறது.

உறிஞ்சியை இன்றே எடுங்கள். விளக்கின் பலத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். மீனுக்குப் போடும் தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள். காரத்தன்மையை அளந்து 8 டிகேஎச் பக்கம் ஆடாமல் வைத்திருங்கள். வெளுத்தாலும் சதை பாறையில் ஒட்டியிருக்கும் வரை திரும்பி வரும், ஆறு முதல் எட்டு வாரம் எடுக்கும், தினமும் தொட்டுத் திருத்தாதீர்கள்.

அடியிலிருந்து சதை உரிந்து வெள்ளைக் கல் தெரிகிறது என்றால் அது வேறு. மணிக்கணக்கில் மேலே ஏறும். ராத்திரியானாலும் தெரிந்தவரை அழைத்து, உரிந்த கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே நல்ல சதையில் வெட்டி, நுனியை வேறு கல்லில் ஒட்டச் சொல்லுங்கள்.